பான்சித் மேல் பழி

செல்டாவின் வகுப்புக்கு டாக்டர்கள் வரவில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. மதியம் மூன்று மணிக்கு ஐ.சி.யூ.வை ஒட்டிய அறையில் அவள் படம் காட்டும் திரையை இழுத்துவிட்டால் போதும், மூத்தவர் இளையவர் எல்லாரும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். சர்க்கரைப் பாகில் பொரித்த வாழைப்பழம் அவள் வாங்கி வைத்திருப்பாள். தின்றார்கள், தலையாட்டினார்கள், தேர்வு வைத்தால் முழு மதிப்பெண் வாங்கினார்கள். மறுநாள் காலை ரவுண்ட்ஸில் ஒவ்வொரு நோயாளியின் மருந்துத் தாளிலும் பழைய வரியையே எழுதினார்கள்: எல்லாம் தொடரட்டும்.

எது தொடர்ந்தது என்று கேட்டால் செல்டாவுக்கு வயிறு எரியும். மூச்சு எந்திரத்துக்காகக் கொடுத்த தூக்க மருந்து, நுரையீரல் தெளிந்த பிறகும் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. வயிற்றுப் புண் வராமலிருக்க முதல் நாள் போட்ட ஊசி, நோயாளி உட்கார்ந்து கஞ்சி குடிக்கும்போதும் போய்க்கொண்டிருந்தது. கிருமி மருந்துகள் தங்கள் நாள் முடிந்தும் விருந்தாளி மாதிரி கிளம்ப மனமில்லாமல் தங்கியிருந்தன. மருந்து உயிரைக் காப்பாற்றும்தான், ஆனால் வேலை முடிந்த பிறகும் உடம்பில் இருந்தால் அது சும்மா இருக்காது.

செல்டா, முழுப் பெயர் ரொசெல்டா சுமகைசாய், மருந்தாளர். தீவிர சிகிச்சை மருந்துகளைப் பற்றி மணிலாவில் தனியாகப் படித்துவிட்டு சொந்த ஊரான இலோய்லோவுக்குத் திரும்பியவள். வாய்த்துடுக்கு கொஞ்சம் அதிகம். ஆற்றங்கரை மருத்துவமனையின் நிலவறை மருந்தகத்தில், சன்னலே இல்லாத அறையில், மாத்திரை எண்ணிக்கொண்டிருந்த அவளை ஐ.சி.யூ. தலைவர் டாக்டர் பால்மாரெஸ்தான் மேலே கூட்டிவந்தார். கூட்டிவந்தபோதே, பெண்பிள்ளைகளைச் செல்லமாகக் கூப்பிடும் 'இன்டாய்' என்ற சொல்லைப் போட்டு, ஒரு கெடுவும் வைத்துவிட்டார்.

"தினாக்யாங் திருவிழா வரைக்கும் பாரு. எங்க பசங்க எழுதுற மருந்துல ஒரு மாத்தம் தெரியணும். தெரியலைன்னா கோவிச்சுக்காத இன்டாய், கீழ ஆள் பத்தலைன்னு தினமும் என்னைப் பிடுங்கி எடுக்கிறாங்க."

இப்போது ஜனவரி, திருவிழா மாதம். பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகள் திருவிழாவுக்கு டிரம் அடித்துப் பழக ஆரம்பித்துவிட்டார்கள். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் செல்டாவுக்கு நிலவறையின் நமத்துப்போன வாசனை மூக்கில் வந்து ஏறும். அங்கே திரும்பிப் போவதை நினைத்தாலே அழுகை வந்தது அவளுக்கு.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, தேநீர் அறையில் டாக்டர் லெம்வெல் காபர்தேயைத் தனியாக மடக்கினாள். லெம் பயிற்சி டாக்டர்களில் மூத்தவன், கெட்டிக்காரன், நாலாம் படுக்கை அவன் பொறுப்பு. அந்தப் படுக்கையில் மனோங் பெபோட், அதாவது பெபோட் அண்ணன், என்கிற ஜீப்னி வேன் ஓட்டுநர் நிமோனியாவுக்காக வந்து நாள்கணக்கில் தூங்கிக்கொண்டிருந்தார்.

"டாக், நாலாம் பெட் மனோங்குக்கு நுரையீரல் எப்படி?"

"நல்லாத் தெளிஞ்சிருச்சு மேம்."

"பிரஷர்?"

"அருமை."

"அப்போ காலையில தூக்க மருந்தை நிறுத்திப் பாக்கணும்னு தெரியுமா?"

"தெரியுமே! போன வாரம் நீங்க கேட்டப்போ நான்தானே முதல்ல கை தூக்கினேன்?"

"அப்புறம் ஏன்யா நிறுத்தல?"

லெம் வாசலை எட்டிப் பார்த்தான். "மெதுவாப் பேசுங்க மேம். வார்டு இன்னிக்கு... உங்களுக்கே தெரியும். அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டேன்."

அந்த வார்த்தை 'அமைதி'. அதை அந்த ஐ.சி.யூ.வில் யாரும் உச்சரிக்க மாட்டார்கள். உச்சரித்தால் அவசரப் பிரிவிலிருந்து தொலைபேசி அடிக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். லெம் நழுவிப் போனதும், மூலையில் பிஸ்கட்டை நனைத்துத் தின்றுகொண்டிருந்த தலைமைச் செவிலியர் நெனிதா தொண்டையைச் செருமினாள்.

"அந்தப் புள்ளைய ஏன் வதைக்கிற? தூங்குற பெட்டை எவன் தொடுவான்? தொட்டா அன்னிக்கு டியூட்டி நாறிப் போயிரும்."

"என்ன நெனிதா மேம் இது, படிச்சவங்க பேசுற பேச்சா?"

"படிச்சதாலதான் சொல்றேன். போன வருஷம் இதே லெம், நல்லா இருந்த ஒரு மத்தியானம், ஒரு பெட்டுல ஒரே ஒரு மருந்தை நிறுத்தினான். அடுத்த மணியில மூணு கேஸ். லிஃப்ட் நின்னுது. ஏசியிலேர்ந்து தண்ணி ஒழுகி நேரா டாக்டர் பால்மாரெஸ் மண்டையில! அன்னையிலேர்ந்து அவன் பேரு என்ன தெரியுமா?"

தெரியும். 'பாலாத்'. ராசி கெட்டவன் என்பதற்கு அந்த ஊர் மருத்துவமனைகளில் வழங்கும் பெயர். அவனோடு டியூட்டி மாற்றிக்கொள்ள ஒருவரும் சம்மதிப்பதில்லை. கெட்ட ராசி கழியட்டும் என்று செவிலியர்கள் அவன் வெள்ளைக் கோட்டுப் பையில் உப்புப் பொட்டலம் வைத்து அனுப்பினார்கள். சிரித்துக்கொண்டேதான் வைத்தார்கள், ஆனாலும் வைத்தார்கள்.

செல்டா கையிலிருந்த கோப்பையை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். இத்தனை மாதம் அவள் வகுப்பெடுத்தது எல்லாம் தெரிந்தவர்களுக்கு. இவர்களிடம் அறிவுக்குப் பஞ்சமில்லை, பயம்தான் அதிகம். நோயாளிக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்பது பாதி பயம், ஆனால் பழி தன் தலையில் விழுமோ என்பது முழுப் பயம். தொடரட்டும் என்று எழுதியவனை யாரும் பாலாத் என்று கூப்பிட்டதில்லை. இதைக் கண்டுபிடிக்க இத்தனை வாழைப்பழம் வாங்க வேண்டியிருந்ததே என்று தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சித்தப்பா மகனுக்குப் பிறந்தநாள். பிறந்தநாள் என்றால் பான்சித் இல்லாமல் எப்படி? நீள நீளமான நூடுல்ஸ், தின்பவருக்கு ஆயுசும் அப்படியே நீளும். சித்தி தட்டு நிறைய அள்ளி நீட்டினாள். செல்டாவின் கை தானாகப் பின்னால் போனது.

"நாளைக்கு எனக்கு டியூட்டி சித்தி."

"அதனால?"

பதில் சொல்ல வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள். ஐ.சி.யூ.வில் பான்சித் ஆகாது. நூடுல்ஸ் மாதிரி நோயாளிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருப்பார்களாம். நூடுல்ஸே இல்லாத பான்சித் மோலோ சூப்பைக்கூட, பெயர் அப்படி இருக்கிறது என்பதற்காகவே, நெனிதா வார்டுக்குள் விடுவதில்லை. படித்தவர்கள் பேசுகிற பேச்சா என்று நெனிதாவைக் கேட்டவள் இப்போது ஒரு தட்டு நூடுல்ஸுக்குப் பயந்து நிற்கிறாள். அவளும் அந்த ஊர்க்காரிதானே. அந்த நினைப்பிலேயே அவளுக்குச் சிரிப்பு பொங்கிவிட்டது, கூடவே ஒரு யோசனையும் வந்துவிட்டது.

"சித்தி, மிச்சம் எவ்வளவு இருக்கு? நாளைக்குக் காலையில சூடா இன்னொரு முறம் செஞ்சு தர முடியுமா?"

திங்கள் காலை ரவுண்ட்ஸுக்கு எல்லாரும் கூடும் நேரம். வாழையிலை விரித்த மூங்கில் முறத்தில் பான்சித்தை ஏந்திக்கொண்டு செல்டா தேநீர் அறைக்குள் வந்தாள். நெனிதா போட்ட கூச்சலில் வராந்தாவில் இருந்தவர்கள் ஓடிவந்தார்கள்.

"ஏசுவே! யேய், பைத்தியமாடி உனக்கு? வெளிய எடுத்துட்டுப் போ!"

செல்டா ஒரு வாய் அள்ளிப் போட்டு, எல்லாரும் பார்க்க மென்று விழுங்கினாள். பிறகு முறத்தைக் கீழே வைத்தாள்.

"எல்லாரும் நல்லாப் பாத்துக்குங்க. இன்னிக்கு இந்த வார்டுல என்ன கெட்டது நடந்தாலும் அது என்னாலதான். எத்தனை கேஸ் வந்தாலும் சரி, லிஃப்ட் நின்னாலும் சரி, ஏசி ஒழுகினாலும் சரி, என் பேரைச் சொல்லித் திட்டுங்க. நான்தான் இன்னிக்குப் பாலாத். இனிமே டாக்டர் லெம் எந்த மருந்தைத் தொட்டாலும் பழி அவர் மேல வராது. ராசிதான் ஏற்கெனவே கெட்டாச்சே!"

பயிற்சி டாக்டர்களில் இளையவளான ஐரா மெல்லக் கையைத் தூக்கினாள். "மேம் சொல்றது நியாயமாத்தான் படுது. கெட்டுப்போன சோறு இன்னொரு தடவை கெடவா போகுது?"

முதலில் சிரித்தது லெம். அவன் சிரிப்பில் ஒரு விடுதலை இருந்தது. கோட்டுப் பையிலிருந்த உப்புப் பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, "வாங்க, நாலாம் பெட்டுக்குப் போவோம்," என்றான்.

மனோங் பெபோட்டின் மூச்சு, பிரஷர், ஆக்சிஜன் எல்லாவற்றையும் ஒருமுறைக்கு இருமுறை பார்த்தார்கள். லெம் தன் கையாலேயே தூக்க மருந்தை நிறுத்தினான். பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ள ஒரு செவிலியரை நெனிதா முணுமுணுத்துக்கொண்டே நிறுத்தினாள். அடுத்து இரண்டாம் படுக்கை.

"இந்த வயித்து ஊசி ஏன் போகுது?" என்று கேட்டாள் செல்டா.

ஐரா தாளைப் புரட்டினாள். "முதல் நாள் எழுதினது. அப்புறம்... தொடரட்டும், தொடரட்டும், தொடரட்டும்."

"நான் கேட்டது ஏன்னு."

"காரணம் இல்ல மேம். நிறுத்திரலாம்."

ஆறாம் படுக்கையில் நாள் முடிந்த கிருமி மருந்து ஒன்றை நிறுத்தினார்கள். அதற்குள் லெம்முக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. ஒன்றாம் படுக்கைத் தாளைப் பிடுங்கி, "இதையும் எடுத்துரலாம்!" என்று பேனாவை வைத்தான்.

"அட, அதுல கை வைக்காதீங்க!" செல்டா பாய்ந்து தாளைப் பிடித்தாள். "அது வலிப்பு மருந்து. முந்தாநாள்தான் அவருக்கு வலிப்பு வந்திருக்கு."

லெம்மின் முகம் வாடிவிட்டது.

"இதுக்கு ஏன்னு கேட்டா பதில் இருக்கு, அதனால இது இருக்கட்டும்," என்றாள் அவள், குரலைத் தணித்து. "நிறுத்துறது நம்ம வேலை இல்ல டாக். கேக்குறதுதான் வேலை. கேக்காம தொடர்றதும் தப்பு, கேக்காம நிறுத்துறதும் தப்பு."

இந்த நேரம் பார்த்து டாக்டர் பால்மாரெஸ் உள்ளே வந்தார். அறுபதை நெருங்குகிறவர், மாவட்டமே கையெடுத்துக் கும்பிடும் வைத்தியர். டியூட்டி நாளில் ராசிக்காகப் பழுப்பு நிற ஷூ தவிர வேறு போட மாட்டார், வலது காலை வைத்துத்தான் உள்ளே வருவார். வந்தவர் தேநீர் அறைக் கதவு வழியாக முறத்தைப் பார்த்துவிட்டார்.

"யார் கொண்டுவந்தது இது?"

"நான்தான் டாக்டர்."

"தினாக்யாங் வரைக்கும் பொறுக்க முடியலையா உனக்கு? இன்னிக்கே கீழ போகணுமா?"

அவர் முடிக்கவில்லை, தொலைபேசி அடித்தது. அவசரப் பிரிவு. மூச்சுத் திணறலோடு ஒரு மீனவர் வந்திருக்கிறார், உடனே படுக்கை வேண்டுமாம். நெனிதா சிலுவை போட்டுக்கொண்டாள். அத்தனை ஜோடிக் கண்களும் செல்டாவின் பக்கம் திரும்பின.

"எல்லாம் உன்னாலடி!" என்று நெனிதா கத்தினாள்.

"ஆமா, என்னாலதான்!" என்றாள் செல்டா, தலையை நிமிர்த்திக்கொண்டு.

லெம் சுற்றுமுற்றும் பார்த்தான். ஒரு கேஸ் வந்திருக்கிறது, ஒருவர்கூட அவனைப் பார்க்கவில்லை. மகிழ்ச்சியில் அவன் காதுவரை சிவந்துபோனான்.

"டாக்டர், ஆறாம் பெட் அம்மாவைச் சாதாரண வார்டுக்கு மாத்திரலாம்," என்றான். "அந்தக் கிருமி மருந்துக்காகத்தான் இங்க வச்சிருந்தோம். அது முடிஞ்சு போச்சு. இப்பதான் நிறுத்தினோம்."

வழக்கமாகப் படுக்கைக்காக வார்டுக்கும் அவசரப் பிரிவுக்கும் நடக்கும் சண்டை அன்று நடக்கவில்லை. ஆறாம் படுக்கை அம்மாள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கையசைத்தபடி சக்கர நாற்காலியில் போனாள். மீனவர் வந்து அந்தப் படுக்கையில் படுத்தார். பால்மாரெஸ் முறத்தை விட்டுவிட்டுப் புது நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார்.

மதியத்துக்குள் மனோங் பெபோட் கண்ணைத் திறந்தார். மனைவி மனாங் லூத் கையைக் கொடுத்ததும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மறுநாள் குழாயை எடுத்தார்கள். கரகரத்த குரலில் அவர் கேட்ட முதல் கேள்வி சாமியைப் பற்றியதும் அல்ல, பெண்டாட்டியைப் பற்றியதும் அல்ல.

"என் ஜீப்னிய யார் ஓட்டுறா?"

"உங்க தம்பிதான்," என்றாள் மனாங் லூத், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

மனோங் டாக்டர் லெம்மைப் பார்த்தார். "டாக்டர், என்னைத் திரும்பத் தூங்க வச்சிருங்க."

வார்டே சிரித்தது. செல்டா சிரித்துச் சிரித்து, கடைசியில் அழுதுவிட்டாள். இந்த மனிதர் எவ்வளவு நாள் முன்பே இந்த நகைச்சுவையைச் சொல்லியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

அந்த வாரம் வியாழன்வரை செல்டா ஒவ்வொரு காலையும் எல்லார் முன்னாலும் ஒரு தட்டு பான்சித் தின்றாள். பான்சித்தைப் பார்த்தாலே குமட்டும் அளவுக்கு வந்துவிட்டது. ஆனால் தின்று முடித்ததும் பேனாக்கள் தைரியமாக எழுந்தன. ஒவ்வொரு படுக்கையிலும் 'ஏன், ஏன்' என்ற கேள்வி ஒலித்தது. தவறு நடந்தால் திட்டு வாங்க ஒருத்தி தயாராக நின்றாள், அதைவிட வேறென்ன வேண்டும்? மதிய வகுப்பைக்கூட அவள் நிறுத்திவிட்டாள். வாழைப்பழத்துக்காக இரண்டு பேர் வருத்தப்பட்டார்கள்.

வியாழக்கிழமை பால்மாரெஸ் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"நடக்குறதை நானும் பாத்துட்டுத்தான் இருக்கேன். நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு கேக்குறேன், பதில் சொல்லு. இவங்க கத்துக்கிட்டாங்களா, இல்ல நீ தின்னதால துணிஞ்சாங்களா?"

அதே கேள்விதான் அவள் மனதையும் அரித்துக்கொண்டிருந்தது.

"நாளைக்குப் பான்சித் வேணாம்," என்றார் அவர். "நாளைக்கு ரவுண்ட்ஸை நான் பாக்குறேன். பழையபடி தொடரட்டும், தொடரட்டும்னு எழுதினாங்கன்னா, நீ கீழ போயிருவ. சரியா இன்டாய்?"

"சரி டாக்டர்," என்றாள், சரியாக இல்லாத குரலில்.

வெள்ளிக்கிழமை, திருவிழாவுக்கு முந்தைய நாள். நடன ஒத்திகைக்காகப் பாதித் தெருக்களை அடைத்துவிட்டார்கள். செல்டா ஏறிய ஜீப்னி பாலத்துக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. இறங்கி நடந்தாள். முகத்தில் கரி பூசிய ஆட்டக்காரர்களுக்கும் டிரம்களுக்கும் நடுவே புகுந்து, மன்னிப்புக் கேட்டுக் கேட்டு, கடைசியில் மன்னிப்புக் கேட்பதையும் விட்டுவிட்டு ஓடினாள். இன்றைக்கென்று பார்த்துத் தாமதம். பான்சித்தும் இல்லை, பழியைச் சுமக்க அவளும் இல்லை. இந்நேரம் எல்லாத் தாள்களிலும் அந்தப் பாழாய்ப்போன வார்த்தையை எழுதி முடித்திருப்பார்கள். நிலவறைச் சாவியை யாரிடம் கேட்டு வாங்குவது என்றுகூட யோசித்துவிட்டாள்.

வியர்த்து விறுவிறுத்து ஐ.சி.யூ. கதவைத் தள்ளப் போனவள், உள்ளே கேட்ட சத்தத்தில் நின்றுவிட்டாள். யாரோ சண்டை போடுகிறார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்தாள். இரண்டாம் படுக்கையைச் சுற்றி எல்லாரும் நின்றார்கள். அங்கே நேற்று வந்த புது நோயாளி. டாக்டர் பால்மாரெஸுக்கு நேர் எதிரே, அவர் தோளுக்குக்கூட எட்டாத ஐரா, தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"இந்த வயித்து ஊசி ஏன் டாக்டர்?"

"நான்தான் எழுதினேன்," என்றார் பால்மாரெஸ், அதோடு பேச்சு முடிந்தது என்கிற தோரணையில்.

"யார் எழுதினாங்கன்னு கேக்கல டாக்டர். ஏன்னு கேட்டேன்."

நெனிதா கண்ணை மூடிக்கொண்டாள். பால்மாரெஸ் நோயாளியைப் பார்த்தார், விட்டத்தைப் பார்த்தார்.

"பழக்கம்," என்றார் கடைசியில்.

"அப்ப நிறுத்தலாமா?" என்று லெம் பின்னாலிருந்து கேட்டான். "முதல் பெட்டுக்கு நாங்களே கேட்டுப் பாத்தாச்சு டாக்டர். இதை உங்களுக்காக வச்சிருக்கோம்."

பால்மாரெஸ் பேனாவை எடுத்தார். ஆயிரம் உயிரைக் காப்பாற்றிய அந்தக் கை, தான் எழுதிய ஊசியைத் தானே அடித்தது. ஒரே கோடு, முடிந்தது. எல்லாரும் தொலைபேசியைப் பார்த்தார்கள். அது அடிக்கவில்லை. அடித்திருந்தாலும் இப்போது பெரிதாகக் கவலைப்பட்டிருப்பார்கள் என்று செல்டாவுக்குத் தோன்றவில்லை.

அவள் இல்லாமலே நடக்கிறது. இதற்காகத்தான் இத்தனை நாள் தொண்டை கிழியக் கத்தினாள், ஆனாலும் அதைப் பார்க்கும்போது ஒரு நொடி நெஞ்சு வலிக்கவும் செய்தது. பிறகு அந்த வலியை மகிழ்ச்சி அடித்துக்கொண்டு போய்விட்டது. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, ஒருவரும் பார்க்காத தைரியத்தில், வாயைப் பொத்திக்கொண்டு சின்னப் பிள்ளைபோல ஒரு குதி குதித்தாள்.

பால்மாரெஸ் பார்த்துவிட்டார்.

"எங்கம்மா போன நீ?" கதவைத் திறந்துகொண்டு அவரே வந்தார். "உள்ள வா முதல்ல. உன் பிள்ளைங்க என்னைப் பிச்சு மேயுறாங்க!"

"தெருவெல்லாம் அடைச்சுட்டாங்க டாக்டர். ஓடித்தான் வந்தேன்." மூச்சு வாங்கியது அவளுக்கு. "கீழ எப்போ போகணும்?"

"காலையிலகூடக் கீழேர்ந்து போன் பண்ணி உன்னைக் கேட்டாங்க. தர முடியாதுன்னுட்டேன்." அவர் மூன்றாம் படுக்கைப் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சீக்கிரம் வா. அந்தத் தாள்லயும் என் கையெழுத்துதான். அந்தக் குட்டிப் பொண்ணு கேக்குறதுக்குள்ள நீ கேட்டுரு."